நேரத்தைத் திருடுவது யார்?

அந்தமான் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேருக்கு (ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றிய நகருக்கு) 2020 ஆகஸ்ட் 10 அன்று கடலுக்கு அடியில் ஒரு பாதை திறந்தது. சென்னையிலிருந்து புறப்பட்டு, போர்ட் பிளேரைத் தொட்டு, கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளும் கண்ணாடி இழைக் கம்பிவடம் அன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய்ச் செலவிலான அப்பணியை நிறைவேற்றியது பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். அதுவரை செயற்கைக்கோள் வழியே கசிந்து வந்த இணையத்தை நம்பியிருந்த மக்களுக்கு அது உண்மையிலேயே ஒரு பெரும் மாற்றம்.

தீவுகளுக்கிடையேயான கப்பல்கள் வந்துசேரும் ஃபீனிக்ஸ் பே துறையையும், அதை ஒட்டிய கப்பல் பழுதுபார்க்கும் தளத்தையும், கப்பல் சேவை அலுவலகங்களையும் எடுத்துக்கொள்வோம். அங்கே கப்பலோட்டிகள், பொறி இயக்குநர்கள், வெல்டர்கள், சீட்டு வழங்கும் எழுத்தர்கள், சுமை தூக்குவோர், ஒப்பந்தக் காவலர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் எனப் பலதரப்பட்ட உழைப்பாளர்கள் உள்ளனர். தீவுகளில் வங்காளி, இந்தி மொழிகளுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படும் மொழி தமிழ். இவர்களில் பலருடைய பெற்றோரும் பிள்ளைகளும் கடலுக்கு அப்பால் இருக்கின்றனர். சென்னைக்குக் கப்பலில் செல்ல ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். இவர்களுக்குக் கைப்பேசி பொழுதுபோக்குப் பொருள் அல்ல. குடும்பத்தோடு எஞ்சியிருக்கும் ஒரே நாள்தோறுமான தொடர்பு.

ஆனால் இந்தியாவின் எந்த அலுவலகத்தையும் ஆலையையும் போலவே இங்கும் ஒரு கேள்வி எழுகிறது. வேலை நேரத்தில் தொழிலாளி தன் சொந்தத் தேவைக்கு இணையத்தைப் பயன்படுத்தலாமா? அதைக் கண்டுபிடிப்பதற்காக அவர் எங்கே நிற்கிறார், எந்தத் திரையைப் பார்க்கிறார், யாருக்கு என்ன எழுதுகிறார் என்பதையெல்லாம் வேலை கொடுப்பவர் கண்காணிக்கலாமா? நிர்வாகவியல் நிபுணர்கள் இதற்கு 'நேரத் திருட்டு' என்று ஒரு பெயரும் சூட்டியிருக்கின்றனர். திருட்டு என்ற சொல் வந்துவிட்டால் அடுத்து காவல் வரும், தண்டனை வரும். ஆகவே அந்தச் சொல்லையே முதலில் பரிசோதிக்க வேண்டியிருக்கிறது.

நியாயமான கட்டுப்பாடுகளே கூடாது என்று எவரும் வாதிடவில்லை. பாரந்தூக்கியை இயக்குபவர் அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்த்தால் கீழே நிற்கும் சக தொழிலாளியின் உயிர் போகும். மக்களின் ஆவணங்களைக் கையாளும் கணினியில் கண்ட மென்பொருளையும் இறக்கினால் அந்த ஆவணங்கள் களவு போகும். பொதுமக்கள் வரிசையில் நிற்கையில் ஊழியர் காணொளியில் மூழ்கியிருப்பதை எந்தத் தொழிற்சங்கமும் நியாயப்படுத்தாது. இத்தகைய விதிகளைத் தொழிலாளர்களே முன்னின்று வகுப்பார்கள். கேள்வி வேறு. விதியை வகுப்பது யார், அதன் எல்லை எது, அதன் பெயரால் திரட்டப்படும் தகவல் எதற்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி.

வேலை நேரத்தில் 'சொந்தத் தேவை' என்பது எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். குடும்ப அட்டைக்கு மின்னணுச் சரிபார்ப்பு, வருங்கால வைப்புநிதிக்கு இணையக் கணக்கு, வங்கிக்குச் செயலி, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்திற்கு இணையதளம், ஆதார் திருத்தத்திற்கு ஒருமுறைக் கடவுச்சொல், ஊருக்குப் போகும் கப்பல் சீட்டுக்கும் இணைய முன்பதிவு. குடிமக்களின் வாழ்வை இப்படி இணையத்திற்குள் தள்ளியது அரசுதான். இவற்றில் பல வேலைகளை அலுவலக நேரத்தில்தான் செய்ய முடியும். கடவுச்சொல் சில நிமிடங்களில் காலாவதியாகும். விண்ணப்பத்தின் கடைசி நாள் தொழிலாளியின் விடுப்புக்காகக் காத்திருக்காது. ஒரு கையால் வாழ்க்கையை இணையத்தில் ஏற்றிவிட்டு, மறு கையால் அதைத் தொட்டவரைக் குற்றவாளி என்பது என்ன நீதி?

எதிர்த்திசையில் பாயும் நேரத்தைப் பற்றி அந்த நிபுணர்கள் வாய் திறப்பதில்லை. இன்று ஏறத்தாழ எல்லா அலுவலகங்களிலும் துறைக்கொரு வாட்ஸ்அப் குழு உண்டு. இரவு பத்து மணிக்கு உத்தரவு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அறிக்கை கேட்கப்படுகிறது. கைப்பேசி தொழிலாளியுடையது, இணையக் கட்டணம் தொழிலாளியுடையது, உறக்கமும் அவருடையது. அதற்குக் கூடுதல் ஊதியம் கிடையாது. பகலில் பத்து நிமிடம் மகளிடம் பேசினால் திருட்டு. இரவில் ஒரு மணி நேரம் மேலதிகாரிக்குப் பதில் அனுப்பினால் 'கடமை உணர்வு'. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

இந்தத் தராசை மார்க்ஸ் முன்பே நிறுத்திக் காட்டினார். 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில், வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தில், பிரிட்டிஷ் ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகளை அவர் விரிவாக எடுத்தாண்டார். விசையைச் சில நிமிடம் முன்னதாக ஓடவிடுவது, சில நிமிடம் தாமதமாக நிறுத்துவது, உணவு இடைவேளையின் இரு முனைகளிலும் கொஞ்சம் கிள்ளுவது என்று ஆலை முதலாளிகள் தொழிலாளியின் நிமிடங்களைச் சுரண்டிய விதம் அந்த அறிக்கைகளில் பதிவாகியிருந்தது. ஆலைக் கடிகாரத்தின் முள்ளை முன்னும் பின்னும் நகர்த்திய முதலாளிகள் இருந்தனர் என்பதையும், தொழிலாளி சொந்தக் கடிகாரம் கொண்டுவரவே தடைவிதித்த ஆலைகள் இருந்தன என்பதையும் வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் எடுத்துக்காட்டியிருக்கிறார். நேரம் பார்க்கத் தெரிந்த தொழிலாளி அன்று ஆபத்தானவராகக் கருதப்பட்டார்.

இன்று நிலைமை தலைகீழ். கடிகாரத்தைத் தடை செய்வதில்லை; கட்டாயமாக மாட்டிவிடுகிறார்கள். சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் முதலான நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் மணிக்கட்டில் ஜி.பி.எஸ். பொருத்திய ஸ்மார்ட் கடிகாரங்களை நகராட்சி நிர்வாகங்கள் கட்டின. தொழிலாளி எந்தத் தெருவில், எத்தனை நிமிடம் நின்றார் என்பது கட்டுப்பாட்டு அறையின் திரையில் புள்ளியாக நகர்ந்தது. கழிப்பறைக்குச் செல்லவும் அஞ்ச வேண்டியிருக்கிறது என்று பெண் தொழிலாளர்கள் குமுறினர். சங்கங்கள் வீதிக்கு வந்தன. கையுறையும் காலணியும் முறையாக வழங்காத நிர்வாகங்களுக்குக் கண்காணிப்புக் கருவி வாங்க மட்டும் நிதி இருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் இந்த வேலைக்குள் தள்ளப்பட்ட தலித் மக்கள்தான் முதலில் இந்தக் கருவிக்குள் அடைக்கப்பட்டார்கள் என்பது தற்செயல் அல்ல. அதிகாரத்தின் ஏணியில் யார் கீழே இருக்கிறார்களோ அவர்கள் மீதே கண்காணிப்பின் முழு எடையும் இறங்குகிறது. ஆணையர்களின் மணிக்கட்டில் எவரும் கடிகாரம் கட்டவில்லை.

ஹரியானாவில் ஆஷா ஊழியர்கள் வேறொரு பாடம் கற்பித்தனர். அவர்களுக்கு வழங்கப்பட்ட கைப்பேசிகளில் தொலைவிலிருந்தே கருவியைக் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு செயலியை நிறுவுமாறு 2021-இல் உத்தரவு வந்தது. தங்கள் நடமாட்டமும் தனிப்பட்ட தகவல்களும் கண்காணிக்கப்படும் என்று எதிர்த்த அவர்கள், கூட்டாகக் கைப்பேசிகளையே திருப்பிக் கொடுத்துப் போராடினர். தனித்தனியாக மறுத்திருந்தால் அது ஒழுங்கு நடவடிக்கையில் முடிந்திருக்கும். கூட்டாக மறுத்ததால் அது கோரிக்கையாக மாறியது.

ஊழலை ஒழிக்கத்தான் இவையெல்லாம் என்பது ஆட்சியாளர்களின் நிலையான பதில். மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்தின் அனுபவம் இந்தப் பதிலைப் பொய்யாக்குகிறது. தேசிய மொபைல் கண்காணிப்புச் செயலியின் மூலம் நாளொன்றுக்கு இருமுறை தொழிலாளர்களைப் புகைப்படம் எடுத்து, இடக்குறியீட்டுடன் பதிவேற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. சமிக்ஞை கிடைக்காத மலையிலும் காட்டிலும் பதிவேறாத படத்துக்குக் கூலி பறிபோனது. காலையிலேயே வேலையை முடித்த பெண்கள் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்துக்கிடந்தனர். இவ்வளவுக்கும் பிறகு, பழைய படத்தையே மீண்டும் படமெடுத்துப் பதிவேற்றும் மோசடிகள் நடப்பதை 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் ஒப்புக்கொண்டது. மோசடி செய்தவர்களுக்குச் செயலி தடையாக இல்லை. உழைத்தவர்களுக்கு மட்டும் அது தண்டனையானது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த வேலை உறுதிச் சட்டத்தையே கைகழுவிய அரசு, அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த சட்டத்திலும் பயோமெட்ரிக் கண்காணிப்புக்குத் தாராளமாக இடம் வைத்திருக்கிறது.

சட்டம் தொழிலாளியை எங்கே நிறுத்தியிருக்கிறது என்பதையும் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். அரசின் தகவல் தொழில்நுட்ப வளங்களைப் பயன்படுத்துவது குறித்து ஒன்றிய அரசு 2014-இல் ஒரு கொள்கையை வகுத்தது. அவ்வளங்களைப் பயன்படுத்தும் மாநில, ஒன்றியப் பிரதேச ஊழியர்களுக்கும் அது பொருந்தும். அரசு வலைப்பின்னலில் ஊழியரின் இணையச் செயல்பாடுகளைக் கண்காணிக்கவும், அரசு வழங்கிய கருவியிலுள்ள கோப்புகள், மின்னஞ்சல்கள், இணையப் பயன்பாட்டு வரலாறு ஆகியவற்றைப் பார்க்கவும் நகலெடுக்கவும் அழிக்கவும் அது அதிகாரம் தருகிறது. பாதுகாப்புக் காரணங்களுக்காக, ஊழியருக்குத் தெரிவித்துச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. நடைமுறையில் எத்தனை ஊழியர்கள் அந்தக் கொள்கையின் ஒரு பக்கத்தையாவது பார்த்திருப்பார்கள்?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குச் செயல்வடிவம் தர வந்ததாகச் சொல்லப்படும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொழிலாளியைக் கைவிட்டது. வேலைவாய்ப்பின் நோக்கங்களுக்காகவும், வேலை கொடுப்பவரை இழப்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்காகவும் ஊழியரின் தரவுகளை அவரது ஒப்புதல் இன்றியே கையாளலாம் என்கிறது அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு. 'வேலைவாய்ப்பின் நோக்கம்' என்ற சொல்லுக்குள் எதைத்தான் அடைக்க முடியாது? இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, 'தனிநபர் தகவல்' என்று சொல்லி அதிகாரிகள் கதவை மூடிக்கொள்ள வழி செய்திருக்கிறது. தொழிலாளியின் அந்தரங்கம் திறந்த புத்தகம். அதிகாரத்தின் செயல்பாடோ பூட்டிய பெட்டி.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்த இடைவெளியை மேலும் அகலமாக்கியுள்ளன. முன்பு நூறு தொழிலாளர்கள் இருந்தாலே நிறுவனத்தில் சான்றளிக்கப்பட்ட நிலையாணைகள் இருக்க வேண்டும். எது தவறு, எது தண்டனை என்பது எழுத்தில் வரையறுக்கப்பட்டிருக்கும். அந்த வரம்பு இப்போது முந்நூறாக உயர்ந்துவிட்டது. முந்நூறுக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்தில் கைப்பேசியைப் பார்த்ததற்கு எச்சரிக்கையா, ஊதிய வெட்டா, வேலை நீக்கமா என்பதை முதலாளியின் மனநிலை முடிவு செய்யும்.

ஐரோப்பாவில் ஒரு வழக்கு இதற்கு மாறான பாதையைக் காட்டியது. ருமேனியாவில் தனியார் நிறுவனமொன்றின் பொறியாளர், அலுவலகத் தேவைக்காகத் தொடங்கிய உரையாடல் கணக்கில் தன் சகோதரருக்கும் மணம் பேசிய பெண்ணுக்கும் செய்தி அனுப்பியதற்காக 2007-இல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அவரது அந்தரங்க உரையாடல்கள் 45 பக்கங்களாக அச்சிடப்பட்டு அவர் முன்னே வைக்கப்பட்டன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, 2017 செப்டம்பர் 5 அன்று, அதாவது நமது உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்த பன்னிரண்டாம் நாளில், அவருடைய உரிமை காக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. முன்கூட்டியே தெளிவாக அறிவிக்கப்பட்டதா, எந்த அளவுக்குக் கண்காணிப்பு நடந்தது, அதற்கு நியாயமான காரணம் இருந்ததா, குறைவாக ஊடுருவும் வேறு வழி இல்லையா என்ற கேள்விகளை எல்லாம் சோதிக்க வேண்டும் என்றது. வேலைக்கு வருவதால் மனிதரின் சமூக வாழ்வை முதலாளியின் உத்தரவு சுழியமாக்கிவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். முதலாளித்துவ நாடுகளின் நீதிமன்றமே வகுத்த இந்தக் குறைந்தபட்ச அளவுகோல்கூட நமது சட்டத்தில் இல்லை.

ஆனால் இதை அந்தரங்கம் பற்றிய பிரச்சனையாக மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். மறுபாதியைப் புரிந்துகொள்ள ஃபீனிக்ஸ் பேயிலிருந்து தொலைவில் இல்லாத ஒரு கட்டடமே போதும். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில், நடுவே ஒரு காவல் கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல ஏழு கிளைகள். கோபுரத்தில் நிற்கும் சில காவலர்கள் எல்லாக் கிளைகளையும் பார்க்கலாம். ஒரு கிளையின் முன்புறம் அடுத்த கிளையின் பின்புறத்தையே நோக்கியிருந்ததால், கைதி மற்றொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது, பேச முடியாது. மேலிருந்து எல்லாரையும் பார்ப்பது, கீழே ஒருவரையொருவர் பார்க்கவிடாமல் செய்வது ஆகிய இரண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கட்டடத்தின் நோக்கம்.

அந்த நோக்கம் தோற்றது. வெளிச்சமும் உண்ணத்தக்க உணவும் நூல்களும் செய்தித்தாள்களும் கேட்டு 1933-இல் நடந்த உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நமதாஸ் ஆகிய மூவரும் வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டு உயிரிழந்தனர். ஆயினும் கோரிக்கைகள் வென்றன. சிறை படிப்பகமாக மாறியது. 1935-இல் அந்தச் சுவர்களுக்குள்ளேயே கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்புக் குழு உருவானது. 1937-இல் மீண்டும் நடந்த பெரும் உண்ணாவிரதமும் நாடெங்கும் எழுந்த ஆதரவும் அரசியல் கைதிகளைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்ப வைத்தன. படிக்கும் உரிமையும் பேசும் உரிமையும் அற்பத் தேவைகள் அல்ல என்பதை அந்தத் தியாகிகள் அறிந்திருந்தனர்.

சிறையும் பணியிடமும் ஒன்றல்ல. ஆனால் இன்றைய கண்காணிப்பும் அதே இரு வேலைகளைச் செய்கிறது. திரையைப் பதிவு செய்யும் மென்பொருள் யார் சங்கத்தின் சுற்றறிக்கையைத் திறந்தார் என்பதையும் காட்டும். இருப்பிடப் பதிவு யார் யாரோடு நின்று பேசினார் என்பதையும் காட்டும். அமெரிக்காவில் நிறுவனத்தின் மின்னஞ்சலைச் சங்கப் பணிக்குப் பயன்படுத்தும் உரிமையைத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2014-இல் அங்கீகரித்தது. ட்ரம்ப் ஆட்சியில் 2019-இல் அதே வாரியம் அதைப் பறித்தது. வேலை நேரத்தில் இணையம் என்ற 'சிறிய' கேள்வி எங்கே போய் முடிகிறது என்பதற்கு இது சான்று. பிரான்சில் அமேசான் கிடங்குத் தொழிலாளர்களின் ஒவ்வொரு இடைநிறுத்தத்தையும் கருவியால் அளந்ததற்காக, அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2023 டிசம்பரில் 3.2 கோடி யூரோ அபராதம் விதித்தது. இத்தகைய அமைப்பு இந்தியத் தொழிலாளிக்கு இன்னும் கனவுதான்.

தொழிலாளியின் நிமிடங்களை எண்ணுபவர்கள் தங்கள் ஆண்டுகளை எண்ணுவதில்லை. அந்தமான் நிர்வாகத்தில் பணியாற்றும் தினக்கூலித் தொழிலாளர்கள் தங்களுக்குரிய உயர்ந்த ஊதியத்துக்காகவும் பஞ்சப்படிக்காகவும் நீதிமன்றப் படியேறினார்கள். கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு 2022 டிசம்பரில் அளித்த உத்தரவு நிறைவேற்றப்படவில்லை. 2023 ஆகஸ்ட் 3 அன்று, நீதிமன்ற அவமதிப்புக்காகத் தலைமைச் செயலாளரைப் பணியிடை நீக்கம் செய்யவும், துணைநிலை ஆளுநர் தம் சொந்தப் பணத்திலிருந்து ஐந்து லட்சம் ரூபாய் செலுத்தவும் அந்த அமர்வு ஆணையிட்டது. மறுநாளே உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. காலையில் தாமதமாக வரும் ஊழியருக்கு அரை நாள் தற்செயல் விடுப்பு கழிக்கப்படும். தாமதமாக வரும் கூலிக்கு எந்தக் கருவி கணக்கு வைக்கிறது?

ஆகவே, கண்காணிப்பு என்பது நிர்வாகத்தின் தனிப்பட்ட விருப்பம் அல்ல. வேலை நேரத்தையும் ஊதியத்தையும் போலப் பணி நிலைமையின் ஒரு பகுதி. கூட்டுப் பேரம் இன்றி அதை மாற்ற நிர்வாகத்துக்கு உரிமை இல்லை என்ற நிலைப்பாட்டை ஒவ்வொரு சங்கமும் முன்வைக்க வேண்டும். கேமரா, பயோமெட்ரிக், செயலி, மென்பொருள் எதுவாயினும், எதைப் பதிவு செய்கிறது, எங்கே சேமிக்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது, யார் பார்க்கலாம் என்பதைத் தொழிலாளி படிக்கக்கூடிய மொழியில் (தீவுகளில் தமிழ், வங்காளி, இந்தி, தெலுங்கில்) எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆபத்தான தளத்தை முடக்கலாம். தொழிலாளியின் கடிதத்தைப் படிக்கக் கூடாது. கருவியின் பதிவை மட்டும் வைத்து ஊதியத்தை வெட்டவோ தண்டிக்கவோ கூடாது. விளக்கம் கேட்டு, முறையான விசாரணை நடத்த வேண்டும். அவசரக் குடும்பத் தொடர்புக்கும் இடைவேளைப் பயன்பாட்டுக்கும் உரிமை வேண்டும். வேலைக்குச் செயலி வேண்டுமெனில் கருவியையும் இணையக் கட்டணத்தையும் நிர்வாகமே தர வேண்டும். பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் சட்டமாகிவிட்ட உரிமை, அதாவது வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை, இங்கும் சட்டமாக வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வேலைவாய்ப்பு விலக்கு நீக்கப்பட வேண்டும். சங்கத் தகவல்தொடர்பு எந்த நிலையிலும் கண்காணிப்புக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும்.

சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அலுவலகக் கணினியில் சொந்த வாட்ஸ்அப் கணக்கைத் திறந்து வைக்க வேண்டாம். சங்க ஆவணங்களை அலுவலகக் கருவியிலும் அலுவலக வைஃபையிலும் கையாள வேண்டாம் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். கண்காணிப்புக் கருவிகள் எந்த நிறுவனத்திடமிருந்து, என்ன விலைக்கு, எந்த ஒப்பந்தத்தின்படி வாங்கப்பட்டன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு துறையிலும் கேட்க வேண்டும்; ஒப்பந்தம் எவருடைய தனிநபர் தகவலும் அல்ல. கிடைக்கும் பதில்களைக் கிளைக் கூட்டங்களில் வாசித்து விவாதிக்க வேண்டும். நிரந்தர ஊழியரும் ஒப்பந்தத் தொழிலாளியும் தினக்கூலியும் ஒரே கோரிக்கை மனுவில் கையெழுத்திட வேண்டும், ஏனெனில் கருவி முதலில் கட்டப்படுவது அவர்களில் ஆகக் கீழே நிற்பவரின் கையில். அங்கே தடுக்காவிட்டால் அது மேலே ஏறும்.

எட்டு மணி நேர வேலை என்பது எந்த முதலாளியும் மனமுவந்து தந்ததல்ல. போராடி வென்ற அந்த எட்டு மணி நேரத்தின் உள்ளேயும், அதற்கு வெளியேயும், தொழிலாளி மனிதராக வாழும் உரிமையை மீட்பதே இன்று நம்முன் உள்ள பணி. வரும் மாதங்களில் நடைபெறும் சங்கப் பேரவைகளின் தீர்மானங்களில் இந்தக் கோரிக்கைகள் இடம்பெறட்டும்.